பொருள் என்ற கட்டத்தில்

வேலந்தாவளம் சோதனைச்சாவடி. ஆவணி கடைசி.
ஓட்டு அடுக்குகளுக்குப் பக்கவாட்டில்
கோணி சுற்றிக்
கட்டில் பலகைபோல நின்றது.
பில் இல்லை.
"திருச்சூர்ல ஏத்திவிட்டாங்க, கோயமுத்தூர்ல எறக்கணும்,
அவ்வளவுதானுங்க தெரியும்"
என்றார் ஓட்டுநர் நாச்சிமுத்து.

பிரித்தோம்.
ஆறடிக்கு நாலடி. எண்ணெய் ஓவியம்.
ஆளிவிதை எண்ணெய் வாசனை
ஓட்டுத் தூசியோடு
அறைக்குள் வந்து உட்கார்ந்தது.

படிவம் என்னிடம்.
எண்ணிக்கை, எடை, மதிப்பு எல்லாம் பிறகு.
முதல் கட்டத்திலேயே அச்சடித்திருந்தார்கள்:
பொருள்.
பத்தொன்பது வருடமாக அந்தக் கட்டத்தில்
தேங்காய் எழுதியிருக்கிறேன், கோழித்தீவனம்,
ரப்பர் ஷீட், பழைய இரும்பு,
ஒருமுறை யானைச்சங்கிலி.
பேனா நின்றது இன்றுதான்.

முழங்கால் ஆழத் தண்ணீரில் ஒரு பெண்.
செருப்பு இரண்டையும் கைகளில் மாட்டியிருக்கிறாள்.
மடக்கு நாற்காலியைத் தலைக்குமேல்
குடையாய்ப் பிடித்த ஓர் ஆள்;
முகம் இருக்கவேண்டிய இடத்தில்
சாயம் தொடாத வெறுந்துணி.
மேசைக்கு அடியில் குழந்தை, கண் திறந்தபடி,
வாயில் ஒரு நூல்.
நூல் வலதுபக்கம் ஓடிச் சட்டத்தோடு முடிகிறது.
ஓரத்தில் ஒரு பிராணி.
ஆடா நாயா,
அதுவே இன்னும் முடிவுசெய்யவில்லை.

கீழே கையொப்பம், ஒற்றை எழுத்து: வ.
அந்தப் பக்கத்து எழுத்திலும் ஏறக்குறைய இதே வளைவு.
எந்த மாநிலத்துச் சரக்கென்று
அதைவைத்தும் சொல்ல வழியில்லை.

உதவி அலுவலர் பூவராகன் கண்ணாடியைத் துடைத்து மாட்டினார்:
"நாற்காலி கிடைச்சும் உட்காரத் தெரியாதவன்யா.
நம்ம டிபார்ட்மென்ட்டைத்தான் வரைஞ்சிருக்கான்.
அபராதத்தை ரெண்டு மடங்காப் போடு."

நாச்சிமுத்து குந்தி உட்கார்ந்து பார்த்தார்.
"அந்தம்மாவுக்குச் செருப்பு நனையக்கூடாதுங்க.
கால் நனைஞ்சா நனையட்டும்.
எங்கூட்டுக்காரியும் இப்படித்தான்,
புதுசு வாங்கினா ஆறு மாசம் பெட்டிக்குள்ள."
பிறகு ஏனோ
வெகுநேரம் அவர் பேசவில்லை.

எதிர்ச்சாரிக் கடையிலிருந்து
டம்ளர் எடுக்க வந்தாள் ஐஷும்மா.
நின்ற வாக்கில் ஒரே பார்வை:
"குட்டிக்குப் பல்லு ஆடுது. நூலு கட்டியிருக்கு.
மத்த நுனி கதவுல.
இப்ப யாரோ கதவைச் சாத்தப் போறாங்க,
அதான் எல்லாரும் இப்படி நிக்கிறாங்க.
இதுக்கா இத்தனை நேரம்?"
டம்ளர் ஆறு, கணக்கு சரி,
போய்விட்டாள்.

சட்டென்று படம் ஒழுங்காய் உட்கார்ந்தது.
அவள் காதைப் பொத்தத்தான் கையைத் தூக்குகிறாள்,
கையில் செருப்பிருப்பதை மறந்துவிட்டாள்.
அவனுக்குப் பார்க்க மனமில்லை,
முகத்தை எங்கோ வைத்துவிட்டு வந்திருக்கிறான்.
பிராணி, ஓடலாமா என்று யோசிக்கிறது.

ஆனால் தண்ணீர்?
மேசை போட்ட வீட்டுக்குள்
முழங்கால் ஆழத்துக்கு ஏன் தண்ணீர்?
சாலையைக் கடந்துபோய்
ஐஷும்மாவிடம் கேட்கக் கூச்சமாயிருந்தது.

மூன்று மணிக்கு ஃபேக்ஸில் பில் வந்தது.
"அலங்காரப் படம், ஒன்று."
அலங்காரமாம்.
அதையே எழுதினேன்.
எழுதியதை அடித்து,
"உருவங்கள் நான்கு, காத்திருக்கின்றன" என்றெழுத,
பூவராகன் அதை அடித்து
மறுபடி அலங்காரம் என்று போட்டு
முத்திரை குத்தினார்.

லாரி உறுமியது.
காவலருக்கு அன்று விடுப்பு,
தடுப்புக்கம்பைத் தூக்கும் கயிறு என் பொறுப்பு.
கோணியை அவசரத்தில் சுற்றியிருந்தார்கள்;
ஓரம் விலகிக்
குழந்தையின் கண் ஒன்று மட்டும் வெளியே,
நூல் கொஞ்சம்.

அதற்கு வலதுபக்கம் நான்.
கையில் நைலான் கயிறு.
இழுத்தால்தான் பாதை.
நாச்சிமுத்து ஹாரன் அடிக்கிறார், மறுபடி அடிக்கிறார்.
என் நாக்கு தானாகப் போய்
கடைவாய்ப் பல் ஒன்றை
அசைத்துப் பார்க்கிறது.