மடிப்பில் போன அரைக் கிலோமீட்டர்

இருபத்தோரு வருடம் ரொட்டி வேன் ஓட்டியதில்
பாட்மின் மூர் எனக்கு
போகும்போது இடப்பக்கக் கண்ணாடி,
வரும்போது வலப்பக்கக் கண்ணாடி.
மழை நாளில் அதுவும் இல்லை.

நாளை சனிக்கிழமை.
டென்சில் பெனாலுனா தன் பழைய மவுண்டன் பைக்கை
எண்பது பவுண்டுக்கும்
ஒரு மாதத்துக் குங்குமப்பூ பன்னுக்கும் தந்துவிட்டார்.
கூடவே வரைபடமும்.

சமையலறை மேசையில் விரித்தால்
ஒரு மூலை வெண்ணெய்த் தட்டின் மேல் ஏறுகிறது,
தொங்கும் மூலையை நாய் முகர்கிறது.
நாலு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டராம்.
அப்படியானால் என் கட்டைவிரல்
அரைக் கிலோமீட்டர் அகலம்.
ஸ்டியரிங் பிடித்துத் தடித்த விரல்.
ஊன்றிய இடத்தில் இரண்டு பண்ணைகளும்
ஓர் ஓடையும் காணாமல் போகின்றன.

பச்சையில் நீளக் கோடுகள் ஓடினால்
குதிரைக்கும் சைக்கிளுக்கும் வழி உண்டு.
குட்டைக் கோடுகள் கால்களுக்கு மட்டும்.
இது புரிவதற்குள்
ஒரு கெட்டில் தேநீர் ஆறிப்போயிற்று.
பழுப்புக் கோடுகள் நெருங்கினால் ஏற்றம்,
விலகினால் மூச்சு விடலாம்.
பாறைக்குன்றின் கீழே அவை
கோபக்காரன் நெற்றிபோல் சுருங்கிக் கிடக்கின்றன.
அங்கே இறங்கித் தள்ளுவதென்று இப்போதே முடிவு.
வெட்கப்படுவதையெல்லாம் இன்றிரவே முடித்துக்கொள்ளலாம்.

டெலிவரிச் சீட்டின் பின்புறம் எழுதினேன்:
மாற்று டியூப். பம்பு. டயர் நெம்பி இரண்டு.
பாஸ்டி ஒன்று; அடித்துவிட்டு, இரண்டு.
விசில்.
"விசில் யாருக்கு, ஆடுகளுக்கா?" என்றான் ஹெட்லி,
கண்ணை ஸ்நூக்கரிலிருந்து எடுக்காமல்.
ஏப்ரல் மாதம், குட்டிபோட்ட ஆடுகள்
பாதையிலேயே படுத்திருக்கும்.
விசில் அல்ல, இறங்கிச் சுற்றிப் போவதுதான் முறை என்று
டென்சில் முன்பே சொல்லியிருக்கிறார்.
பயிற்சியா? ஆயிற்று.
சூப்பர் மார்க்கெட் கார் நிறுத்துமிடத்தில்
மூன்று ஞாயிற்றுக்கிழமை
தள்ளுவண்டிகளுக்கு நடுவே எட்டுப் போட்டேன்.

பிறகு பென்சிலால்
பாதையைத் தொட்டுக்கொண்டே போனேன்.
மாடு தாண்டாத கம்பிப் பாலம்,
மரப்படல்,
கைவிட்ட கருங்கல் குவாரி,
ஈரநிலம் என்று காட்டும் நீலப் புல்குறிகள்,
பிறகு
மேசை.

மடித்து மடித்துத் தேய்ந்த இடத்தில்
வரைபடம் பொத்தலாகிவிட்டிருந்தது.
கட்டைவிரலை வைத்தேன். அச்சாகப் பொருந்திற்று.
அந்தப் பக்கம் பாதை
ஒன்றுமே நடக்காததுபோல
மறுபடி பச்சையாய்த் தொடங்குகிறது.

இரவு பத்து மணிக்குப் போன் செய்தேன்.
"அந்த ஓட்டைக்குள் என்ன இருக்கிறது?"
அவர் வீட்டில் ரேடியோவின் சத்தம் குறைந்தது.
"உளைச்சேறு" என்றார் கடைசியில்.
"பலகை போட்டிருந்தார்கள், ஒரு காலத்தில்.
சேற்றைப் பார்த்தால் சேற்றுக்குள்தான் போவாய்.
போக வேண்டிய இடத்தைப் பார்."
"அது எதுவென்று தெரியாதே."
"அப்போ இறங்கிக்கொள்."

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள்.
காலை விடாமல் ஆழத்தை
எப்படித் தெரிந்துகொள்வதென்று கேட்டால்
ரேடியோவைக் கூட்டிவைத்துவிடுகிறார்கள்.

சீட்டு ஒன்றைக் கத்தரித்து
ஓட்டைக்குப் பின்னால் ஒட்டினேன்.
அவசரத்தில் அச்சுப் பக்கம் மேலே வந்துவிட்டது.
இப்போது நட்டநடு மூரில்
"வெள்ளை ரொட்டி, வெட்டாதது, பன்னிரண்டு."
இருக்கட்டும்.

காலையில் மூடுபனி,
பதினொன்றுக்கு மேல் விலகக்கூடும் என்கிறது வானிலை.
ஏழரைக்கு அலாரம் வைத்தேன்.
பிறகு ஏழுக்கு.
பிறகு ஆறே முக்காலுக்கு, வேன் எடுக்கும் நாட்களில்
நான் நாலுக்கு எழுகிறவள் என்பதே மறந்து.

நடையில் பைக் நிற்கிறது.
ஹெட்லி இரண்டு முறை முழங்காலை இடித்துக்கொண்டாயிற்று.
இளகிய தரைக்குக் காற்று குறைவாக இருக்க வேண்டுமாம்.
குனிந்து நகத்தால் வால்வை அழுத்தினேன்.
உஸ்ஸென்றது.
நாய் தலைதூக்கிப் பார்த்துவிட்டு
மறுபடி படுத்துக்கொண்டது.
கட்டைவிரலால் டயரை அமுக்கினேன்.

இன்னும் கொஞ்சம்.