மேற்குச் சுவருக்குப் பதினாறு பலகை

கார்த்திகை பாதி போனபின் ஒருநாள்
வெயில் எட்டிப் பார்த்தது.
ஸ்க்ரூடிரைவரை மேற்குச் சுவரில் வைத்து அழுத்தினேன்.
கைப்பிடி வரை போயிற்று.
“குத்துறேன்னு சொன்னீங்க, சத்தமே இல்லையே”
உள்ளேயிருந்து ரெஜினா.

சில்வர் ஓக்.
ஏதோ எஸ்டேட்டில் மிளகுக்கொடி சுமந்து நின்றதை அறுத்து
ஈரம் காயுமுன் அடித்துவிட்டுப் போயிருக்கிறார்கள்
எனக்கு முன் இந்த வீட்டை வைத்திருந்தவர்கள்.
ஏற்காட்டுப் பனிக்கு அவசரம் கிடையாது.
வருவதும் தெரியாது, தின்பதும் தெரியாது.
பெயிண்ட்டை மட்டும் மிச்சம் வைக்கும்
பொங்கல் கரும்புச் சக்கைபோல.

தேக்கு விலை கேட்டேன். கேட்டதோடு சரி.
தகரம் அடிக்கலாம் என்றான் சடையன்.
மழை பெய்தால் பேச முடியாதே என்றாள் ரெஜினா.
மழையில் நாம் என்ன பேசுகிறோம் என்று
நான் கேட்கவில்லை.
பிளாஸ்டிக் பலகை ஒன்று பார்த்தோம்,
தொட்டால் டிபன் பாக்ஸ் மூடி.

இருபது கொண்டை ஊசி இறங்கி
செவ்வாய்ப்பேட்டை மண்டிகளுக்கு நடுவே ஒரு கடை.
தீர்த்தகிரி என்ற பையன்
பலகைகளைச் சீட்டுக்கட்டாய் விரித்தான்.
சிமெண்டும் நாரும், சார். கரையானுக்குப் பல்லு போகும்.
மரம் மாதிரியே இருக்கும், ரேகை பாருங்க.

பார்த்தேன்.
ஒரு கணு இருந்தது, ஆட்டின் கண்போல.
அடுத்ததில் இல்லை. அதற்கடுத்ததிலும்.
ஐந்தாவதில் அதே ஆடு, அதே பார்வை.
அச்சு நாலுதான் சார், என்றான் கூசாமல்.
மாத்தி மாத்தி அடிச்சா யாருக்குத் தெரியும்?

ஒரு துண்டு மட்டும் கேட்டு வாங்கிவந்து
குளியலறை வாளியில் போட்டேன்.
பதினோரு நாள்.
ரெஜினா வேறு வாளியில் குளித்தாள்.
பலகை உப்பவில்லை, நாறவில்லை.
அறுத்த விளிம்பில் மட்டும் நகம் லேசாய் இறங்கியது.
“வெட்டுவாய்க்குப் பூச்சு விட்டுட்டா
இதுவும் மரந்தானுங்க” என்றான் சடையன்.

இருபத்தைந்து வருஷ வாரண்டி.
அட்டையில் என் பெயரை எழுதினான் தீர்த்தகிரி.
எனக்கு ஐம்பத்தெட்டு.
கூட்டிப் பார்த்தேன்.
விடையை யாரிடமும் சொல்லவில்லை.

டெம்போ ஏறுகையில் பதினாலாம் வளைவில் எதிரே பஸ்.
பதினாறில் ஒன்று இரண்டாய் வந்து சேர்ந்தது.

பழையதைக் கழற்றிய மூன்று நாள்
தார்ப்பாய்தான் சுவர்.
இரவெல்லாம் அது மூச்சு வாங்கியது.
பலகைகளுக்குப் பின்னால் ஓர் எலிக்கூடு,
அதில் ரேஷன் ரசீது, பாதி மெழுகுத்திரி,
நான் தொலைத்தேன் என்று ஆறு வருஷமாய்
பேச்சு வாங்கிய அவளுடைய ஒற்றைக் காலுறை.
அவள் அதைத் துவைத்துக் காயப்போட்டாள்.
வேறொன்றும் சொல்லவில்லை.

உடைந்ததன் இடத்துக்குப்
பழையதிலேயே தேறியது ஒன்று.
சமையலறை ஜன்னலுக்குக் கீழே,
இழைத்து, எல்லாவற்றுக்கும் பூசிய அதே காபி நிறம்.
வந்தவரிடமெல்லாம் கேட்டேன், எது நிஜ மரம்?
தபால்காரர் கணுவைத் தொட்டுக் காட்டினார்.
பாட்டு வகுப்பு எடுக்கும் ஃபிலோ மிஸ்
ஒவ்வொன்றாய்த் தட்டி, காது வைத்துக் கேட்டு
மிக நிச்சயமாய்த் தப்பாகச் சொன்னார்.

மாசிக் கடைசியில் கருவண்டு வந்தது.
முதல் கணுவில் உட்கார்ந்தது, எழுந்தது.
ஐந்தாம் பலகை, எழுந்தது. ஒன்பது, எழுந்தது.
மறுநாளும் வந்தது.
மூன்றாம் நாள் ஜன்னலுக்குக் கீழே
காம்பஸ் வைத்து வரைந்தாற்போல்
சுண்டுவிரல் நுழைகிற ஓட்டை.

ரெஜினா மெழுகு உருக்கி அடைத்தாள்.
காலையில் மெழுகு தரையில் கிடந்தது,
பக்கத்தில் ஒரு சிட்டிகை மரத்தூள்.
மறுபடி அடைத்தாள்.
மறுபடி.

வண்டைப் பற்றி அட்டையில்
ஏதாவது போட்டிருக்கா என்று கேட்கிறாள்.
கண்ணாடி போட்டுப் படித்துக்கொண்டிருக்கிறேன்,
எழுத்து ரொம்பப் பொடி.
வெளியே அது
வேலையைத் தொடங்கிவிட்டது.