வடக்கே போ

கானாடுகாத்தான் விடுதியில்
இரவுப்பணி எனக்கு.
வரவேற்பு மேசைக் கணினிக்கு வயது பதினொன்று,
விசிறி இருமும்.

படமே இல்லாத விளையாட்டு.
எழுத்துதான் காடு, எழுத்துதான் ஓநாய்.
உள்ளே போக ஒரு மென்பொருள் வேணும், அவ்வளவுதான்
என்றான் சோலையப்பன் சிங்கப்பூரிலிருந்து,
கடைக்குப் போய்ப் பால் வாங்கச் சொல்வதுபோல.

முதலாவது தமிழைத் தின்றது.
கட்டம் கட்டம் கட்டம்,
பிறகு ஓர் ஆச்சரியக்குறி.
எதற்குப் பயப்படுவது?

இரண்டாவதில் நாற்பது பொத்தான்.
ஒவ்வொன்றாய்த் திறந்து மூடவே மணி இரண்டு.
அதற்குள் செத்திருந்தேன்.

மூன்றாவது அழகில்லை.
கறுப்புத் திரை.
எழுத்தைப் பெரிதாக்க ஒரு விசை,
நான் தட்டுவதற்குக் கீழே தனி வரி.
மேலம்பை அழுத்தினால் போன கட்டளை திரும்பி வருகிறது.
நடக்க நடக்கத் தானே வரைபடம் போடுகிறது,
வந்த வழி மறக்காமல்.
இது போதும்.

மூன்றரைக்குச் செல்பேசி.
சிக்னல் தேடி வெளியே வந்த ஒன்பதாம் அறைக்காரர்
இரண்டாங்கட்டில் நிற்கிறார்.
எதிரே என்ன தெரிகிறது சார்?
தூண்.
அப்புறம்?
தூணேதான்மா.
வடக்கே போங்க என்றேன், வாய் பழகிவிட்டது.
வடக்கு எது என்றார்.
நியாயம்.
அவருக்கு மேலம்பு கிடையாது.

டார்ச்சை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.
திரும்பி வருவதற்குள் திரையில் ஓநாய் வந்திருக்கும்.
வரட்டும்.
இப்போது பெயரையாவது
வாசிக்க முடிகிறது.