ஆரஞ்சுப் பென்சில்

இருநூற்றுப் பதினேழு தாள்கள்,
எல்லாவற்றிலும் ஒரே கேள்வி:
நீடித்த வளர்ச்சி என்பதை நீங்கள் எப்படிப் புரிந்துகொள்கிறீர்கள்?
கீழே ஆறு வரிக்கு இடம்.
பெயர் வேண்டாம். துறையும் ஆண்டும் போதும்.

அந்தோஃபகாஸ்தாவில் ஜூலை.
பாலைவனம் கடலில் இடறி நிற்கும் இடத்தில்
மூன்றாம் மாடி அறை,
சூடாக மறுக்கும் ஹீட்டர், கண்ணாடியில் உப்பு.
என் வேலை வண்ணம் தீட்டுவது.
சுற்றுச்சூழல் என்றால் பச்சை,
பணம் என்றால் நீலம்,
மனிதர் என்றால் ஆரஞ்சு.
எண்ணிச் சொன்னால் யாஸ்னா கணினியில் ஏற்றுவாள்.

புதன்கிழமைக்குள் பச்சைப் பென்சில்
சுண்டுவிரலைவிடக் குட்டையாகிவிட்டது.
மறுசுழற்சி, மறுசுழற்சி, சூரியத் தகடு,
மறுபடி மறுசுழற்சி,
ஒருவன் ஆமை வரைந்து
அதன் மூக்கில் உறிஞ்சுகுழாய் சொருகியிருந்தான்.
சுரங்கத் துறைப் பையன்கள் நீலத்தைத் தேய்த்தார்கள்.
'லாபம் இல்லாதது நீடிக்காது'
இரண்டு முறை அடிக்கோடு.
தவறென்று சொல்ல வாய் வரவில்லை;
என் சம்பளமும் செம்பிலிருந்துதான் வருகிறது.

ஆரஞ்சு மட்டும்
வாங்கிய உயரத்திலேயே இருந்தது.
ஒருமுறை மேசையிலிருந்து உருண்டு முனை உடைந்தது.
சீவினேன்.
தேய்மானம் அவ்வளவுதான்.

தாள் 163. சிவில், நான்காம் ஆண்டு, பெண்.
வரைபடத்துக்குப் பழகிய, சாயாத பெரிய எழுத்து:

'கேள்வியில் தரவு போதாது.
சுமை எவ்வளவு?
எத்தனை ஆண்டுகளுக்கு?
தாங்கப்போவது எது, அல்லது யார்?
பாதுகாப்புக் காரணி என்ன?
இவை தெரியாமல் ஒரு கழிப்பறைக் கூரைக்குக்கூட
நான் கையெழுத்திட மாட்டேன்.'

எங்கள் மொழியில் அந்தச் சொல்லைக் கீறிப் பார்த்தால்
உள்ளே தாங்குதல்தான் இருக்கிறது,
உத்தரம் கூரையைத் தாங்குகிற அதே தாங்குதல்.
நான்கு நாளாக அதன் மேல் வண்ணம் பூசியும்
எனக்குத் தட்டுப்படவில்லை.

ஆறு வரி முடிந்து தாளின் பின்பக்கம் போயிருந்தாள்:

'எங்கள் குடிநீர் கடலைப் பிழிந்து எடுப்பது.
மிஞ்சும் உப்பைக் கடலுக்கே திருப்பித் தருகிறோம்.
குழாய் ஏறாத மேட்டுக்கு லாரி ஏறுகிறது.
லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டில்தான்
லிட்டருக்கு அதிகம் கொடுக்கிறார்கள்.
நான் அந்த வீடு.
குழாயின் விட்டம், பம்பின் குதிரைத்திறன்
இரண்டையும் கணக்கிட்டுவிட்டேன், சரியாக வருகிறது.
வராதது கணக்கில் இல்லை.'

கடலுக்குப் பச்சை, விலைக்கு நீலம்,
வீட்டுக்கு ஆரஞ்சு என்று
ஒன்றன்மேல் ஒன்றாகத் தீட்டினேன்.
மேட்டு மண்ணைப்போல ஒரு பழுப்பு வந்தது.
கறை என்று நினைத்து யாஸ்னா அழிக்கப் பார்த்தாள்.

பேராசிரியர் ஓவிதியோ நல்ல மனிதர்.
கண்ணாடியை நெற்றியில் ஏற்றி
முழுக்கப் படித்தார், பின்பக்கத்தை இரண்டு தரம்.
'ஒரு தாளுக்கு ஒரு நிறம்தான்,
இல்லையென்றால் கூட்டுத்தொகை நூறைத் தாண்டும்' என்றார்,
வருத்தமாகத்தான் சொன்னார்.

அன்று மாலை கடல்மூடுபனி தெருவிளக்குவரை இறங்கியிருந்தது.
என் பேருந்தை மறித்துக்கொண்டு ஒரு தண்ணீர் லாரி
முதல் கியரில் முனகியபடி மேடேறியது.
அதன் வால்வு சரியாக மூடாமல்
தார் முழுக்க ஒரு ஈரக் கோடு.
எவ்வளவு ஒழுகும், மேலே சேரும்போது எவ்வளவு மிஞ்சும்,
அந்த ஒழுகலுக்கு யார் காசு கொடுப்பார்கள்
என்று கணக்குப் போட்டுக்கொண்டே
என் நிறுத்தத்தை விட்டுவிட்டேன்.

அறிக்கை செப்டம்பரில் வெளிவந்தது.
பச்சை, நீலம், ஆரஞ்சு மூன்றும்
வட்ட வரைபடத்தில் அழகாக விழுந்திருந்தன.
ஆரஞ்சு, எலுமிச்சைத் துண்டு போல மெல்லிசாக.
பக்கம் பதினொன்றில், சின்ன எழுத்தில், அடிக்குறிப்பு:
'ஒருவர் கேள்விக்கு விடையளிக்கவில்லை.'

தட்டச்சு செய்தது நான்தான்.