குளிர்பெட்டிப் பதிவேடு

பொருள் ஒன்று, சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு.
பொருள் இரண்டு, மறைந்த உறுப்பினர்களுக்கு அஞ்சலி.
பொருள் மூன்று, குளிர்பெட்டிக்குக் கம்ப்ரசர்.
செயலாளர் நான்தான், வரிசையும் நான் போட்டதுதான்.
அடித்து முடித்த பிறகே கண்ணில் பட்டது
இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே
இடமே விடவில்லை என்று.

அந்தச் சித்திரையைத் தாராபுரத்தில் யாரும் மறக்கவில்லை.
அலங்கியம் ரோட்டில் ஒரு சாவு.
மகன் மஸ்கட்டிலிருந்து கிளம்பிவிட்டான்,
வந்து சேரவில்லை.
ஐஸ் பாளங்களை உமி போட்டுச் சாக்கில் சுற்றினோம்.
விடிவதற்குள் உருகி
வாசலில் கிடந்த செருப்புகளை நனைத்துக்கொண்டு
சாக்கடைக்கு ஓடியது.

அடுத்த சனிக்கிழமை, இதே உரக்கடை மாடியில்
பதினெட்டுப் பேர் காசு போட்டோம்.
மூலனூர் முருங்கை லோடு விற்ற பணத்தை
ரப்பர் பேண்டு கழற்றாமல் வைத்தார் நாச்சிமுத்து.
"எங்களுக்கு இது ஆகாதுங், அன்னைக்கே எடுத்துப்போடுவம்"
என்று சிரித்த தாவூது ராவுத்தர்
எல்லாரையும்விட ஆயிரம் கூடக் கொடுத்தார்.
கோகிலாமணி டீச்சர் கண்ணாடி மூடிக்கு
நீலத்துணியில் திரை தைத்து வந்தார்,
எட்டிப் பார்க்கிற பிள்ளைகளின் உயரத்துக்கு மட்டும்
மறைக்கும்படி.

வாடகை கிடையாது. சாதி கேட்பதில்லை.
பெயர், வீதி, எடுத்த நேரம், திரும்பிய நேரம்,
வழங்கியவர் கையொப்பம்.

நாற்பத்திரண்டாம் பக்கம் வரை
கையொப்பம் சென்னியப்பனுடையது.
கடைசி எழுத்தின் புள்ளியை வட்டமாகவே போடுவார்.
நாற்பத்து மூன்றில்
பெயர்: சென்னியப்பன்.
வீதி: சோளக்கடை வீதி.
கையொப்பம் என்னுடையது.
புள்ளியை வட்டமாகப் போட முயன்றிருக்கிறேன்,
மை பரவியிருக்கிறது.

டீச்சர் ஐம்பத்தொன்றில்.
அவர் தைத்த திரை அவருக்கே குட்டையாக இருந்தது.
நாச்சிமுத்து அதே பக்கத்தில், நான்கு வரி கீழே.

காயில் கட்டும் கிட்டுசாமிதான்
பெட்டியை டெம்போவில் கொண்டுபோவார்,
கூட்டத்துக்குப் பிந்தி வருகிறவர்களிடம்
பத்து ரூபாய் அபராதம் வாங்குவதும் அவரே.
மழையோ எழவோ, காரணம் சொல்லக் கூடாது.
அவர் வீட்டுக்குப் பெட்டி போய்ச் சேர
இருபத்தைந்து நிமிடம் தாமதம்.
அமராவதிப் பாலத்தில் கரும்பு லாரி மல்லாந்திருந்தது.
அந்த மாதக் கூட்டத்தில்
உண்டியலில் பத்து ரூபாய் போட்டேன்.
எதற்கென்று யாரும் கேட்கவில்லை.

ராவுத்தருக்குப் பதிவேட்டில் வரியே இல்லை.
சொன்னபடி அன்னைக்கே எடுத்துப்போட்டார்கள்.
நான் திருப்பூரிலிருந்து பஸ் பிடித்து வருவதற்குள்
மண் தள்ளி முடிந்துவிட்டது.
ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்:
ஆயிரம் ரூபாய் கூட.

நேற்றுக் கூட்டத்துக்கு எட்டுப் பேர்.
ஆடிக்காற்றில் சன்னல் அடித்துக்கொள்ள
நல்லசிவம் நாற்காலியைத் தள்ளி அதை முட்டுக்கொடுத்தார்.
பெயர்களைப் படித்தேன்.
எழுந்து நின்றோம்.
கடிகாரம் என் கையில்.
கீழே கிடங்கில், யூரியா மூட்டைகளுக்குப் பக்கத்தில்
சோதனைக்காகப் போட்டுவைத்த பெட்டி
உறுமுவது கால்வழியே மேலே வந்தது.
இடையிடையே டொக்கென்று ஒரு சத்தம்.
தலை குனிந்தபடியே
எல்லாரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என நினைக்கிறேன்.

நாற்பதாவது வினாடியில் என் கைப்பேசி அடித்தது.
எந்தக் கூட்டத்திலும் அணைக்கக் கூடாத கைப்பேசி அது,
தீர்மானம் போட்டிருக்கிறோம்.
"ஏனுங், பெட்டி சும்மாதானுங்களே இருக்குது?"
ஒரு பெண்குரல். அழுது முடித்த தெளிவு.
"இருக்குதுங்" என்றேன்.

கம்ப்ரசரைப் பற்றிப் பேசவில்லை.
கிட்டுசாமி தட்டுகிற இடப்பக்கத்தில் ஒரு தட்டு,
ஓரிரவு தாங்கும்.
எட்டுப் பேரும் இறங்கினோம்,
முட்டிவலிக்காரர்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு.
படி முடிகிறவரை ஒருவரும் பேசவில்லை.
மீதி இருபது வினாடி
அதில் கழிந்தது.