யார் உயரத்துக்கு

பதினெட்டாயிரம் வெள்ளி என்று
மகனுடைய பழைய கணக்கு நோட்டின்
கடைசிப் பக்கத்தில் எழுதி
அடியில் இரண்டு கோடு போட்டேன்.
இரண்டு கோடு போட்டால்
தொகை தாண்டாது என்று ஒரு நம்பிக்கை.

ஜெலுத்தோங், ஒன்பதாவது மாடி.
நான்கு எட்டு வைத்தால் சுவர்.
ஐந்தாவது எட்டு
பக்கத்து வீட்டு சம்பல் நெடியில் போய் விழும்.
இந்தக் கையகல இடத்துக்கா இவ்வளவு என்று
ஆறு வருஷம் தள்ளிப்போட்டோம்.
முதல் வருஷம் காருக்கு கியர்பாக்ஸ்.
அப்புறம் மகனின் பல்லுக்குக் கம்பி.
அப்புறம் இவர் தம்பிக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து;
அதை இங்கே எழுத வேண்டாம்.

பாயான் லெப்பாஸ் ஃபேக்டரியில்
பதினாலு பேர் போடும் கூட்டுச் சீட்டில்
மே மாதம் என் முறை: ஏழாயிரம்.
இவர் போனஸ் ஆறு.
மீதி ஐந்து எங்கிருந்து வந்தது என்று
என் காதுக்கும் கழுத்துக்கும் தெரியும்.

கேபினெட்டுக்கு மட்டும் எட்டாயிரத்து இருநூறு.
சிப்போர்ட் பலகை என்றால் பாதி விலைதான்,
ஒரு மழைக்காலம் போதும்,
ஊறவைத்த பிஸ்கட் மாதிரி உப்பிவிடும் என்றார்
கான்ட்ராக்டர் கோர்.
அவருக்கு லாபம் வரும் பக்கம்தான் பேசுகிறார்,
ஆனாலும்
பழைய கதவின் அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தேன்.
உதிர்ந்தது.

உடைத்த கல்லை லிஃப்டில் இறக்க எழுநூறு.
கல் ஏறிய மாதிரி இறங்காதாம்.

கடைசி வரியில்
எதிர்பாராதது: ஆயிரத்து அறுநூறு.
எழுதி முடித்தபின் பேனா நின்றது.
எதிர்பார்த்துத்தானே எழுதுகிறேன்?

ஞாயிற்றுக்கிழமை கோர் டேப்போடு வந்தார்.
மேடை என்ன உயரம் என்றார்.
எல்லார் வீட்டிலும் போடுகிற உயரம் என்றேன்.
அவர் சிரிக்கவில்லை.
"சியாப்பா மாசாக்?"
நான்தான் சமைப்பேன்.
என் முழங்கை வரை டேப்பை நீட்டினார்,
சுவரில் பென்சில் கீறல்.
"பாத்திரம் கழுவுவது?"

அறைக்குள்ளிருந்து மகன் கத்தினான்:
"அப்பா!"

நிர்மலதாஸ் ஆறடி ஒரு அங்குலம்.
எப்படி நிற்பீர்கள் என்று கோர் கேட்க
பழைய சிங்க் முன்னால் போய் நின்று காட்டினார்.
இரண்டு காலையும் அகட்டி,
முட்டியை மடக்கி,
குட்டையில் தண்ணீர் குடிக்கும் ஒட்டகச்சிவிங்கி.
மகன் சிரித்தான். கோரும் சிரித்தார்.
நான்கு வருஷமாக எனக்கு இரவு ஷிஃப்ட்.
விடிந்து வரும்போது தட்டெல்லாம் கவிழ்ந்து காய்ந்திருக்கும்.
அவர் இடுப்பில் பிளாஸ்டர் ஒட்டும் போதெல்லாம்
துறைமுகத்து கிரேன் ஆசனத்தைத்தான்
வாய் ஓயாமல் திட்டியிருக்கிறேன்.

சிங்க் பக்கம் மட்டும் நாலரை அங்குலம் உயர்த்தலாம்,
மேடைக் கல்லை இரண்டாக வெட்ட வேண்டும்,
ஓரம் தனியாக மழிக்க வேண்டும்,
ஆயிரத்து முந்நூற்றைம்பது என்றார் கோர்.
"அதெல்லாம் வேண்டாம், பழகிடுச்சு"
என்றார் இவர்.

பழகிடுச்சு.
நோட்டைப் புரட்டினேன்.
கேபினெட், கல், குழாய், வயர்,
திருகாணி வரைக்கும் விலை எழுதியிருக்கிறேன்.
இந்த வார்த்தைக்கு ஒரு வரி இல்லை.

கடைசி வரியை அடித்துத் திருத்தினேன்.
எதிர்பாராதது: இருநூற்றைம்பது.
கோர் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.
சுவருக்குள் என்ன இருக்கிறது என்று
உடைத்தால்தான் தெரியும், கக்காக், என்றார்.

திங்கள் காலை உடைக்க வருகிறார்கள்.
மேல்வீட்டு ரோஹாயா அக்காவின் குழாய்
அதுவரை
ஒழுகாமல் இருந்தால் சரி.
சுவரில் இரண்டு பென்சில் கீறல் இருக்கிறது,
என்னுடையது கீழே.
அரிசி குக்கரைப் படுக்கையறைக்கு மாற்றிவிட்டு வந்தால்
இவர் பழைய சிங்க்கில்
கடைசித் தடவையாகக் கழுவிக்கொண்டிருக்கிறார்.
நகருங்கள் என்றேன்.
ஒரு நாளைக்கு என்ன ஆகிவிடும் என்றார்
காலை அகட்டியபடியே.