ஏழு பேர்

பெட்டியைத் திறக்கிற நாள் வெள்ளிக்கிழமை.
தலைமையாசிரியர் தனகோட்டி சார்
சாவியை மேசைமேல் வைத்துவிட்டு
மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.
குடியாத்தத்தில் அன்று நூற்றியேழு டிகிரி.
தகரம் சுட்டது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் தொங்கும் நீலப் பெட்டி.
'உன் குறையை எழுது, பெயர் வேண்டாம்' என்று
அதன்மேல் வெள்ளை பெயின்டில் எழுதியது நான்தான்.
குழுவில் என்னைப் போட்டதே
கையெழுத்து நன்றாயிருக்கும் என்றுதான்.

கொட்டினேன்.
மிக்சர் பாக்கெட். கம்மல் திருகாணி ஒன்று.
செத்த வண்டு.
அப்புறம் நான்கு காகிதங்கள்.

முதலாவது: 'சத்துணவுல முட்டை சின்னதா இருக்கு.'
எல்லோரும் சிரித்தோம்,
சிரிக்கிற மாதிரி ஒன்றாவது வந்ததே என்று.

இரண்டாவது:
'மழை வந்தா பி.டி. பீரியடை
ஸ்டோர் ரூம்ல வைக்க வேணாம்.'
அவ்வளவுதான்.
பென்சில் முனை இரண்டு இடத்தில் தாளைக் கிழித்திருந்தது.

'மொதல்ல நாம விசாரிச்சுப் பாத்துட்டு…' என்றார் சார்.
'ஸ்கூல் பேரு' என்றார் சம்பூரணம் டீச்சர்,
வாக்கியத்தை முடிக்காமல்.
மழைக்கு ஏங்குகிற ஊர் இது.
இங்கே ஒரு பிள்ளை
மேகம் கூடிவிடக் கூடாதென்று
ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

எழுந்து வராந்தாவுக்குப் போய்
பத்து ஒன்பது எட்டுக்குப் போன் போட்டேன்.
கை நடுங்கியது என்று எழுத ஆசைதான்.
நடுங்கவில்லை.
அடுத்தவர் குற்றத்துக்கு நடுங்குவதில்லை கை.

மூன்றாவது,
தீப்பெட்டி லேபிளின் முதுகில் எழுதியது.
மறுபக்கம் அச்சுப் பிசகிய மயில், இரண்டு தலையோடு.
'வெள்ளிக்கிழமை பாத்ரூம் கழுவ
கணக்கு டீச்சர் 7 பேரைக் கூப்பிடுவாங்க.
கிளாஸ்ல 42 பேர்.
11 வாரமா அதே 7 பேர். 7 பேரும் எங்க தெரு.
நிகழ்தகவு நீங்க நடத்தினதுதான் டீச்சர்.
போட்டுப் பாத்தேன்.
கால்குலேட்டர்ல இடம் பத்தல.'

ஏழின் இடுப்பில் ஒரு குறுக்குக் கோடு.
நாலின் வாய் மூடாமல் திறந்தே இருக்கும்.
தினமும் நான் திருத்துகிற எண்கள்.
யாரென்று தெரியும்.
சொல்ல மாட்டேன், இந்தக் கவிதையிடம்கூட.

'கதவோரமா உக்காந்திருக்காங்க, அதான் கூப்பிட்டேன்.'
வாய் தானாகச் சொன்னது.
யாரும் என்னைக் கேட்கவேயில்லை.

கதவோரம் அவர்களை உட்காரவைத்தது யார் என்று
நானே கேட்டுக்கொள்ள
சாயங்கால பஸ் கே.வி.குப்பம் தாண்ட வேண்டியிருந்தது.
வகுப்பில் நான் சாதி பார்ப்பதில்லை என்று
மைக் பிடித்துப் பேசியிருக்கிறேன்.
கண் பார்க்கவில்லை, நிஜம்தான்.
நீட்டிய விரலுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த வெள்ளி வாளி என் கையில் இருந்தது
என்று முடித்தால் நன்றாக இருக்கும்.
இல்லை. கழுவ ஆள் போட்டார்கள்.
வந்தவரும்
அந்தத் தெருவிலிருந்துதான் வந்தார்.

அது பிறகு.
அன்று அறையில் பதிவேட்டை விரித்து
'யார்மீது புகார்' என்ற கட்டத்தில்
என் பெயரை எழுதினேன், நல்ல கையெழுத்தில்.
சம்பூரணம் டீச்சர் தண்ணீர் பாட்டிலை
என் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

இன்னும் ஒரு காகிதம் மிச்சம்.
அதில் எழுத்தே இல்லை.
சார் ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்,
திருப்பிப் பார்த்தார்.
'ஒண்ணும் இல்லையே டீச்சர். கிழிச்சுப் போடுங்க.'

'எட்டா மடிச்சிருக்கு சார்.'

வாங்கி, மடிப்பு கலையாமல் வைத்து,
வரிசை எண் நான்கு என்று எழுதி,
எதிர்க் கட்டத்தைக்
காலியாக விட்டேன்.